வெப்பச் சொற்களைக் கொண்டு ஓர் அகராதியைச் சோதித்தல்: லோகியோன் தளத்தில் லூயிஸ்–ஷார்ட்

கிரேக்க, லத்தீன் அகராதிகள் பலவற்றை ஒரே தேடலில் திறந்து காட்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகியோன், இணையத்திலும் கைப்பேசியிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் லத்தீனுக்கு நான் முதலில் நாடுவது 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதியை. இத்தனை பழைய நூலை இன்றும் நம்பலாமா என்று அறிய, வெப்பம் குறித்துக் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு சில வாரங்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

இந்தச் சொற்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெப்பத்தைச் சொல்ல லத்தீனுக்குக் கடன் தேவைப்படவில்லை. கலோர், ஃபெர்வோர், தெபோர் என்று சூட்டுக்கும் கொதிப்புக்கும் இளஞ்சூட்டுக்கும் சொந்தச் சொற்கள் இருந்தன. கடனாக வந்தவை பெரும்பாலும் கருவிகளின் பெயர்களும் இடங்களின் பெயர்களுமே. உரோமானியக் குளியல் மண்டபத்தின் வெந்நீர் அறையான கல்தாரியம், மிதவெப்ப அறையான தெபிதாரியம் ஆகிய இரண்டும் லத்தீன் வேரில் பிறந்த பெயர்கள். ஆனால் தரைக்கு அடியில் அனலைச் செலுத்தும் ஹிபோகௌஸ்தம் என்ற அமைப்பின் பெயர், ‘கீழே’, ‘எரி’ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பெரும் பொதுக் குளியலகத்தைக் குறிக்கும் தெர்மே, ‘சூடான’ என்னும் பொருளுடைய தெர்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உரோமின் தெர்மினி இரயில் நிலையம் அருகிலுள்ள, பேரரசர் டயோக்ளீஷியனின் பெயர் கொண்ட குளியலகத்தால் அந்தப் பெயரைப் பெற்றது.

இவ்வகராதியின் தலையாய சிறப்பு ஒரு சிறிய குறியில் இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து நேரே கடன் வாங்கிய சொல் என்றால், தலைச்சொல்லை அடுத்துச் சமக்குறி இட்டு, மூலச் சொல்லைக் கிரேக்க எழுத்திலேயே தருகிறார்கள். சொல்லின் பிறப்பு, பிறமொழி உறவு ஆகியவை சதுர அடைப்புக்குறிக்குள் செல்கின்றன. கடனுக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாடு கற்பவனின் கண்ணில் உடனே படுகிறது. இதன் அருமையைத் தமிழர்களாகிய நாம் எளிதில் உணரலாம். ‘எரி’ என்னும் பொருளுடைய கிரேக்கக் ‘காயோ’வைக் கண்டதும் நம் ‘காய்தல்’ நினைவுக்கு வரும். உறவு கொண்டாடத் தோன்றும். ஆனால் கௌமா (கடும் வெயில்), கௌஸ்தோஸ் (எரிக்கப்பட்டது) என்ற வடிவங்களைப் பார்த்தால் அதன் வேர் ‘கௌ’ என்றும், யகரம் பின்னர் சேர்ந்தது என்றும் விளங்குகிறது. இவற்றை அடுத்தடுத்துப் பார்த்து அறிய லோகியோனின் ஒருங்கிணைந்த தேடல் பேருதவி செய்தது.

அடுத்த சிறப்பு, மேற்கோள்கள். அவுதெப்ஸா என்று தேடினேன். ‘தானே சமைப்பது’ என்ற பொருளுடைய கிரேக்கப் பெயரைக் கொண்ட ஒரு கொதிகலம். உரோமானிய வழக்குரைஞரும் பேச்சாளருமான சிசரோவின் உரை ஒன்றைச் சுட்டியிருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால், கி.மு. 80இல் நடந்த ஒரு கொலை வழக்கில் எதிர்த்தரப்பின் செல்வாக்கு மிக்க ஒருவரின் ஆடம்பரத்தை விவரிக்கையில், அவர் வாங்கிய அவுதெப்ஸாவின் ஏல விலையைக் கேட்டவர்கள் ஒரு நிலமே விலைபோகிறது என்று எண்ணினார்கள் என்கிறார் சிசரோ. ஒரு பாத்திரத்தின் பெயரிலிருந்து ஒரு காலத்தின் செல்வச் செருக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. சூடான பானம் விற்கும் கடையான தெர்மோபோலியத்துக்குச் சான்று நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸிடம் கிடைக்கிறது. சூடாகக் குடிப்பதற்கு அவர் ஒரு தனி வினைச்சொல்லையே ஆண்டிருக்கிறார். உலைக்களத்தைக் குறிக்கும் கமினுஸ் பதிவில், ‘உலையில் எண்ணெய் ஊற்று’ என்ற உரோமானியக் கவிஞர் ஹோரஸின் தொடர் வருகிறது. எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாக நாம் சொல்வதை அவரும் சொல்லியிருக்கக் கண்டு மகிழ்ந்தேன்.

1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி ஆய்வுத் திறத்தில் இதைவிட மேலானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது ஏறத்தாழ கி.பி. 200உடன் நின்றுவிடுகிறது, கிறித்தவ எழுத்தாளர்களையும் சேர்ப்பதில்லை. லத்தீன் விவிலியத்தின் யோபு நூலில் எலும்புகள் ‘கௌமா’வால் உலர்ந்தன என்று வரும் வரிக்குப் பொருள் தேடுபவருக்கு லூயிஸ்–ஷார்ட்டே துணை. சுட்டுப் பதிப்பதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து, பேரரசர்களின் செந்நீல மையைக் குறித்து, இத்தாலியிலும் பிரான்சிலும் மைக்கே பெயராகிவிட்ட என்கௌஸ்தமும் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்ததே.

குறைகளும் உண்டு. நூலாசிரியர்களின் பெயர்ச் சுருக்கங்கள் புதியவரைத் திணறடிக்கும். நீண்ட பதிவுகள் பத்தி பிரியாமல் கைப்பேசித் திரையை அடைத்துக்கொள்கின்றன. இவற்றைவிடப் பெரிய குறை, அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்பிறப்பு 19ஆம் நூற்றாண்டின் அறிவோடு நின்றுவிட்டது. தெர்மோஸுக்கு உறவான, ‘சூடான’ என்று பொருள்படும் ஃபோர்முஸ் போன்ற பழைய லத்தீன் சொற்களுக்கு மொழியியலாளர் டி வான் 2008இல் வெளியிட்ட சொற்பிறப்பகராதியையும் பார்ப்பது நல்லது. அந்நூல் கடனாக வராமல் மூதாதை மொழியிலிருந்தே வழிவழியாக வந்த பரம்பரைச் சொற்களையே மையமாகக் கொண்டது. தெர்மேயைப் போன்ற கடன்சொற்களுக்கு மறுபடியும் லூயிஸ்–ஷார்ட்டின் சமக்குறியிடம்தான் வரவேண்டியிருக்கிறது.