எட்டு வருஷ குளோப்: உருண்டை தங்கம், ஸ்டாண்டு தண்டம்

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வெல்டிங் பட்டறையில் எங்கள் வகுப்பு குளோபைக் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்தேன். எண்பது ரூபாய். அன்று சாயங்காலமே, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன் போட்டாள். "அக்கா, ஆறாம் வகுப்புக்கு ஒரு குளோப் வாங்கலாம்னு இருக்கேன். வாங்கட்டுமா, இல்ல ஸ்மார்ட் போர்டே போதுமா?"

போனில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? எட்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2017 ஜூனில் என் கைக்காசில் வாங்கியது. 12 அங்குலம், நாடுகளுக்குத் தனித்தனி நிறம் கொடுத்த அரசியல் குளோப். எல்லாக் கடையிலும் கிடைக்கிற ரகம்தான், அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அளவை மட்டும் மனசில் வைத்துக்கொள்: இந்த அளவு உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இலங்கையின் முழு நீளமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். இந்தியா வடக்குத் தெற்காக ஏழரை சென்டிமீட்டர்.

இப்போது ஸ்டாண்டுக்கு வருகிறேன். எட்டு வருஷமாக எனக்கு எரிச்சல் தந்தது இது ஒன்றுதான்.

பூமியின் அச்சைப் போலவே 23½ டிகிரி சாய்வு, அரைவட்டப் பிளாஸ்டிக் வளைவு, மேலே ஒரு திருகு, கீழே ஒரு மூடி. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளை குளோப் பக்கம் வந்தாலும் முதலில் செய்வது ஒரே வேலை: விருட்டென்று சுற்றிவிட்டு விரலை வைத்து நிறுத்துவது. அதைக் குறை சொல்ல முடியாது, சுற்றத்தானே அது இருக்கிறது. பத்து நாள் அப்படிச் சுற்றினால் திருகு தளர்கிறது, ஒரு மாதத்தில் வளைவு ஆடுகிறது. வளைவு ஆட ஆட, தாளில் உராய்ந்து தென் அமெரிக்காவின் ஓரத்தில் கோடு விழுகிறது. மூன்று முறை ஒட்டினேன். ஃபெவிக்விக், எம்-சீல், கடைசியில் நூல் கம்பி என்று எல்லாம் பார்த்தாயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தென் துருவத்தில் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக அந்த மூடி உட்கார்ந்திருக்கிறதே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பில் அண்டார்டிகா பாடம் வருகிறது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அந்தக் கண்டம் அடியில் கிழிந்த வெள்ளைத் துணி மாதிரி நீண்டு கிடக்கும். சரி, குளோபில் காட்டலாம் என்று போனால், கண்டத்தின் நடுவை மூடி மறைக்கிறது, மிச்சத்தை வளைவும் அடிப்பலகையும் மறைக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் குனிந்து, கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்ப்பார்கள். ஐரோப்பாவைவிடப் பெரிய கண்டம், அதை மேசைக்கு அடியில் தேட வேண்டியிருக்கிறது. இதை வடிவமைத்தவர் எந்த வகுப்பறையிலும் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஐந்தாம் வருஷம் வளைவு இரண்டாக ஒடிந்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒட்டுவதற்கு நேரமில்லை, ஏழாம் வகுப்புக்குப் பாடம் இருந்தது. வெறும் உருண்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

நான் வாங்கிய குளோப் அந்த மணி நேரத்தில்தான் நிஜமாக வேலை செய்யத் தொடங்கியது. இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

மேசைமேல் இருந்தவரை அது டீச்சரின் பொருள். கைக்கு வந்ததும் பிள்ளைகளின் பொருளாகிவிட்டது. மடியில் வைத்தார்கள், புரட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். பசிபிக் பக்கத்தைத் திருப்பிப் பிடித்த ஒரு பெண், "டீச்சர், இந்தப் பக்கம் நாடே இல்ல, பூரா தண்ணிதான்" என்று கத்தினாள். பூமியில் 71 சதவீதம் நீர் என்று நான் எத்தனையோ தடவை எழுதிப்போட்டிருக்கிறேன். அவள் கத்திய அளவுக்கு அது ஒரு தடவைகூட யாருக்கும் உறைத்ததில்லை.

எங்கள் வகுப்பில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் உண்டு. ஒருவனின் அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். அவன் அந்த நாட்டைத் தேடி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். ஏனென்றால் அது ஒரு புள்ளி, அதன் பெயர் பக்கத்துக் கடலில் அச்சாகியிருக்கும். கண்டுபிடித்ததும் கட்டைவிரலைக் கன்னியாகுமரியில் வைத்து, ஆள்காட்டி விரலை எட்டித் தொட்டான். எட்டு சென்டிமீட்டர் சொச்சம். "எங்க அப்பா அரைச் சாண் தூரத்துலதான் இருக்காவ டீச்சர்" என்றான். அதை 420 ஆல் பெருக்கச் சொன்னேன். 3,400 பக்கம் வந்தது. அவன் அந்த எண்ணை நோட்டில் எழுதவில்லை, அரைச் சாண் என்றுதான் எழுதினான். நானும் திருத்தவில்லை.

அதே வாரம் கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே விரலை இழுக்கச் சொன்னேன். ஸ்டாண்டு இருந்தபோது இது முடியாத காரியம். விரல் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, இறங்குகிறது, வழியில் ஒன்றுமே இல்லை. ஏறத்தாழ அதே தீர்க்கக்கோட்டில் ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு, ஒரு புள்ளி. அதற்கப்புறம் அண்டார்டிகாதான். 2012 முதல் இயங்கும் நம் நாட்டு ஆய்வு நிலையமான பாரதி அந்தக் கரையில்தான் இருக்கிறது, கிழக்கே 76 டிகிரியில். "அப்ப நம்ம ஊருக்கு நேர் கீழயா?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட நேர் கீழே.

நூல் வைத்துச் செய்கிற பாடம் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு எப்படிப் போவது என்று முதலில் சுவர்ப் படத்தில் கோடு போடச் சொல்வேன். எல்லாரும் இடதுபக்கம்தான் போடுவார்கள்: அரபு நாடு, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அமெரிக்கா. பிறகு உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்தால் அது வடகிழக்கே ஏறுகிறது. எவரெஸ்ட் பக்கமாகப் போய், மங்கோலியாவைத் தாண்டி, கிழக்கு சைபீரியா வழியாக பெரிங் நீரிணைக்குக் கொஞ்சம் வடக்கே கடந்து, அலாஸ்காவைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. நூலின் நீளம் 33 சென்டிமீட்டர், அதாவது 13,900 கிலோமீட்டர் அளவில். ஒரு வருஷமும் இந்தப் பாடம் எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை. நூல் வளைவிலோ திருகிலோ மாட்டாமல் இருக்க, உருண்டை தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பட்டர் பேப்பரும் வாங்கி வைத்துக்கொள். கிரீன்லாந்தை வரைந்து வெட்டி ஆப்பிரிக்காமேல் வைக்கச் சொன்னால், பதினாலு தடவை வைக்க வேண்டியிருக்கும். கிரீன்லாந்து 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்குமேல். இந்தியாவே கிரீன்லாந்தைப் போல ஒன்றரை மடங்கு. எங்கள் சுவர்ப் படம் 1569-ல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காகப் போட்ட முறையில் வரைந்தது, அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவில் நிற்கும். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறொன்று. ஆப்பிரிக்காவை வரையப் போன பையன், "தாள் படிய மாட்டேங்கு டீச்சர், சுருங்கிச் சுருங்கி வருது" என்று புகார் சொன்னான். அந்தச் சுருக்கம்தான் பாடமே. உருண்டையில் தட்டைத் தாள் சுருங்காமல் படியாது. அதேபோல, உருண்டையை எங்காவது இழுக்காமல் தாளில் விரிக்க முடியாது. எந்த நிலப்படமும் எங்காவது ஒரு பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை, புத்தகத்தில் படிக்காமல் அவன் தன் நகத்தாலேயே கண்டுபிடித்தான்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

எங்கள் சத்துணவு அக்காவிடம் பானை வைக்கிற புரிமணை ஒன்று கடன் வாங்கினேன். உருண்டையை அதில் வைத்து முற்றத்து வெயிலில் கொண்டு போனோம். எங்கள் ஊர் உச்சியில் வருமாறு திருப்பி, வட துருவம் சரியாக வடக்கே பார்க்கும்படி வைத்தோம். "உருண்டை படுத்துல்லா கிடக்கு" என்றார்கள். ஆமாம், நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி தள்ளித்தான் நிற்கிறோம், அதனால் அச்சு நமக்குப் படுத்த மாதிரிதான் இருக்கும். இந்த நிலையில் வைத்துவிட்டால், அந்த உருண்டைமேல் வெயில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் அந்த நிமிஷம் பூமிமேலும் விழுகிறது. பேட்டரி வேண்டாம், விளக்கு வேண்டாம். களிமண்ணில் ஒரு துண்டு ஈர்க்குச்சியை ஊன்றி எங்கள் ஊர்மேல் வைத்தோம். அதன் நிழலும் கொடிக்கம்பத்தின் நிழலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

அன்று மார்ச் 21. காலை ஒன்பதரை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு எகிப்து வழியாகப் போனது. அமெரிக்கா ஏறக்குறைய முழுக்க நிழல் பக்கம். இரண்டு துருவங்களும் சரியாக அந்தக் கோட்டின் ஓரத்தில் இருந்தன. சம இரவு, சம பகல் என்று மனப்பாடம் பண்ணியிருந்த பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். பஹ்ரைன்காரன் கோட்டைப் பார்த்தான், தன் புள்ளியைப் பார்த்தான். புள்ளி வெயிலில் இருந்தது. "அப்பாவுக்கு விடிஞ்சிட்டு" என்றான், யாரிடமும் சொல்லாமல், மெதுவாக.

ஜூன் 21-லும் வைத்துப் பார். வட துருவம் முழுக்க வெயிலில் இருக்கும், தென் துருவம் முழுக்க இருட்டில். ஸ்டாண்டோடு கொண்டு போனால் இது எதுவும் நடக்காது. அந்த 23½ டிகிரி சாய்வு மேசைக்கு எழுதிவைத்தது, எங்கள் ஊர் முற்றத்துக்கு அல்ல.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். தமிழில் அச்சான குளோப் எங்கள் ஊர்க் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஸ்வாசிலாந்து 2018-ல் எஸ்வாட்டினி ஆனது, மாசிடோனியா 2019-ல் வட மாசிடோனியா ஆனது. இரண்டுக்கும் துண்டுச் சீட்டு ஒட்டினோம். கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா 2019-ல் நூர்-சுல்தான் என்று மாறியது, ஒட்டினோம். 2022-ல் மறுபடி அஸ்தானா என்றே வைத்துவிட்டார்கள். ஒட்டியதை நானே நகத்தால் உரித்தேன், அடியில் இருந்த அஸ்தானாவும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது அங்கே வெள்ளைத் தழும்பு. ஒட்டாதே, பென்சிலால் எழுது.

மலைகள் புடைத்து நிற்கிற குளோப் விலை அதிகம், வாங்காதே. இந்த அளவில் 8,849 மீட்டர் எவரெஸ்ட் கால் மில்லிமீட்டர்கூட வராது. புடைப்பு வைத்த உருண்டையைத் தடவிய பிள்ளை பூமியைக் கரடுமுரடான பந்து என்று நினைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் போர்டு நைல் நதியைக் கிட்டே போய்க் காட்டத் தேவைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முப்பத்தெட்டு பிள்ளைகளில் ஒருவர்தான் அதைத் தொட முடியும், யாரும் மடியில் வைக்க முடியாது.

சரி, வாங்கலாமா என்று கேட்டாயே. பட்டறை அண்ணன் சைக்கிள் அச்சுக் கம்பியைப் போட்டு, கையாலேயே கழற்றி மாட்டும்படி நட்டு வைத்துக் கொடுத்தார். நல்ல வேலை. அண்ணனிடம் குறை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், பழைய மூடியைப் பிடுங்கும்போது அண்டார்டிகாவின் தாள் இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்து வந்திருக்கிறது. அது தொழிற்சாலையிலேயே பசை போட்டு ஒட்டிய மூடி. ஒரு பாட உபகரணத்தில் துருவத்தை மறைத்து ஒட்டுவானேன்? இன்றைக்கு என்னிடம் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். மேலே எழுதியதெல்லாம் உண்மை, இதுவும் உண்மை. அடியில் மூடி இல்லாமல், உருண்டை தனியாகக் கழன்று வருகிற மாதிரி ஒன்று கண்ணில் படும்வரை காசைக் கையிலேயே வைத்திரு.

அதுவரை எங்களுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ. எட்டாம் வகுப்புக்கு அண்டார்டிகா பாடம் நவம்பரில்தான் எடுப்பேன், அதற்குள் திருப்பித் தந்தால் போதும். ஸ்டாண்டு பீரோமேல் கிடக்கிறது, அதை எடுக்க வேண்டாம். புரிமணையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்.