கேபர்னேயா, பினோவா, ஜின்ஃபண்டலா?

லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் மூன்று கலிஃபோர்னியா சிவப்பு ஒயின் புட்டிகளையும் காகிதப் பையில் மறைத்து, எண் போட்டு ஊற்றினோம். நாபா பள்ளத்தாக்கின் கேபர்னே சாவினியோன், சொனோமாவில் ரஷ்யன் ரிவர் பகுதியின் பினோ நுவார், லோடையின் ஜின்ஃபண்டல். கேபர்னே, பினோ, ஜின்ஃபண்டல் மூன்றும் திராட்சை வகைகளின் பெயர்கள்.

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்தாலே பாதி குட்டு உடைந்துவிடுகிறது. பினோவின் ஊடாகத் தாளில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். தோல் மெல்லிய திராட்சை, சாயம் குறைவு. கேபர்னேயில் எழுத்தே தெரியவில்லை. சின்ன மணி, தடித்த தோல். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன.

அந்தத் துவர்ப்பை நமக்கு விளக்கத் தேவையில்லை. கொட்டைப்பாக்கை மென்றால் ஈறு இழுத்துப் பிடிக்குமே, அதேதான். இளம் கேபர்னேயில் முதல் வாய் அப்படித்தான் இருந்தது. அப்புறம்தான் கறுப்புப் பழ வாசமும், ஓக் பீப்பாய் தந்த வெனிலா வாசமும் மெல்ல வந்தன. 1976இல் பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய மறைசுவைப் போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே தங்கள் நாட்டின் புகழ்பெற்ற போர்தோ ஒயின்களைத் தாண்டி முதலிடம் கொடுத்தது நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் ஆலையின் 1973 கேபர்னேக்குத்தான். எங்கள் மேசையிலும் முதல் சுற்றில் அதிக மதிப்பெண் கேபர்னேக்கே. இரண்டு மூன்று வாய் மட்டும் குடித்து மார்க் போட்டால் கனமான ஒயின்தான் ஜெயிக்கும் என்பது என் சந்தேகம்.

பினோ சத்தம் போடாத ஆள். செர்ரி, ஈரமண், கொஞ்சம் புளிப்பு. பசிபிக்கிலிருந்து உள்ளே நுழையும் மூடுபனி ரஷ்யன் ரிவர் இரவுகளைக் குளிரவைப்பதால்தான் அந்தப் புளிப்பு கெடாமல் நிற்கிறது. சாப்பாடு வந்ததும் எல்லோர் கையும் அந்தப் புட்டிக்கே போனது.

ஜின்ஃபண்டலின் சிக்கல் கொத்திலேயே இருக்கிறது. ஒரே கொத்தில் ஒரு மணி வற்றி உலர்திராட்சையாகியிருக்கும், பக்கத்து மணி இன்னும் காயாக இருக்கும். காய் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஜாம் போன்ற பழச்சுவை, மிளகு வாசம், தொண்டையில் சூடு. மிளகு வாசம் இருக்கிறதே என்று காரக்குழம்போடு வைக்காதீர்கள். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். இதைக் கலிஃபோர்னியாவின் சொந்தப் பிள்ளை என்றுதான் வெகுகாலம் கொண்டாடினார்கள். 2001இல் மரபணுச் சோதனை இதன் பூர்வீகம் குரோவேஷியா என்று காட்டிவிட்டது. இன்னொன்று, லேபிளில் ‘ஓல்டு வைன்’ (Old Vine, பழைய கொடி) என்று இருந்தால் மயங்க வேண்டாம். கொடிக்கு எத்தனை வயது ஆனால் பழசு என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் செய்த தப்பு, மூன்றையும் அறைச் சூட்டிலேயே ஊற்றியது. 25 டிகிரியில் ஜின்ஃபண்டலில் ஸ்பிரிட் நெடிதான் முன்னால் நின்றது. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே பழம் தெரிந்தது. பினோவை 14 டிகிரி வாக்கில் குடிக்கலாம், மற்ற இரண்டையும் 17இல்.

மிச்சத்தைக் கார்க் போட்டு வைத்து மறுநாள் எடுத்தோம். கேபர்னேயின் பாக்குப் பிடி தளர்ந்து, முந்தைய நாளைவிட நன்றாகவே ஆகியிருந்தது. ஜின்ஃபண்டல் முதல் நாள் எப்படியோ அப்படியே. பினோவில் மிச்சமே இல்லை.