வோகோடரும் ரிங் மாடுலேட்டரும்: குரல் எங்கே நுழைகிறது?

மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் இசைக்கருவியான சிந்தசைசரின் வழியே மனிதக் குரலை இயந்திரக் குரலாக்க இரண்டு பழைய வழிகள் உள்ளன. ஒன்று வோகோடர், மற்றொன்று ரிங் மாடுலேட்டர். இரண்டையும் ‘ரோபோ குரல்’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதால், தேவைக்கு எது பொருந்தும் என்பது தெரியாமலே பலர் கருவியை வாங்கிவிடுகின்றனர். கொள்கையளவில் இவை இரண்டுமே ஓர் ஒலியால் மற்றோர் ஒலியைப் பண்பேற்றும், அதாவது ஒன்றின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மற்றதை மாற்றும், முறைகள்தாம். அந்தப் பண்பேற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதில்தான் இவற்றின் வழிகள் பிரிகின்றன என்பது என் கருத்து.

1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி வோகோடரை உருவாக்கியபோது அவருடைய நோக்கம் இசையன்று. தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதே. 1943இல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையிலான போர்க்கால உரையாடல்களை மறைத்து அனுப்பத் தொடங்கிய சிக்சாலி அமைப்பிலும் இந்த முறையே இருந்தது. மைக்கில் வரும் குரலை வடிகட்டிகள் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பட்டையிலும் ஒலியின் வலிமை கணத்துக்குக் கணம் அளக்கப்படுகிறது. சிந்தசைசரின் ஒலியும் அதேபோன்ற பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, குரலின் பட்டையில் அளந்த வலிமைக்கு ஏற்ப உயர்த்தவோ தாழ்த்தவோ படுகிறது. ஆகவே நம் காதில் விழுவது பாடியவரின் குரலன்று, அவருடைய வாயின் அசைவுகளை ஏற்றுக்கொண்ட சிந்தசைசரே. இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸும் சிந்தசைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மூகும் 1970 வாக்கில் பத்துப் பட்டைகள் கொண்ட ஒரு வோகோடரை அமைத்து இம்முறையை இசைக்குள் கொண்டுவந்தனர்.

ரிங் மாடுலேட்டர் பிரிப்பதும் இல்லை, அளப்பதும் இல்லை. இரண்டு அலைகளை நேரடியாகப் பெருக்குகிறது. அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் மட்டும் வெளியே வருகின்றன. 200, 400, 600 ஹெர்ட்ஸ் என வரிசையாக நிற்கும் ஒரு குரலின் மேற்சுரங்களை (அடிச் சுருதியும் அதன் மடங்குகளுமாகச் சேர்ந்தொலிப்பவற்றை) 30 ஹெர்ட்ஸ் அலையால் பெருக்கினால் 170, 230, 370, 430, 570, 630 ஆகியவை கிடைக்கும். மடங்குகளாக நின்ற ஒழுங்கு குலைவதால் குரல் கரகரக்கிறது. 1963இல் பிபிசி தொலைக்காட்சியின் டாக்டர் ஹூ தொடரில் வந்த, இயந்திர உடல் கொண்ட வில்லன்களான டாலெக்குகளுக்கு பிரையன் ஹாட்ஜ்சன் குரல் அமைத்தது ஏறத்தாழ இந்த 30 ஹெர்ட்ஸ் முறையில்தான். அங்கே வசனம் தெளிவாகப் புரிந்ததற்குக் காரணம், மேற்சுரங்கள் இருபுறமும் முப்பதே ஹெர்ட்ஸ் நகர்ந்து, உயிரொலிகளை அடையாளம் காட்டும் வலிமை மேடுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டதுதான். அந்த 30 ஹெர்ட்ஸ் அலையை 500 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் சொல் கரைந்து உலோகச் சத்தம் மட்டுமே எஞ்சும்.

இனி வேகத்துக்கு வருவோம். வோகோடரின் ஒவ்வொரு பட்டையிலும் நடப்பதும் பெருக்கல்தான். ஆனால் அளந்த வலிமையை முதலில் மழுப்பி, நொடிக்குச் சில பத்து முறைக்கும் குறைவான மெதுவான மாற்றங்களை மட்டுமே அது அனுமதிக்கிறது. அந்த மழுப்பலைக் குறைத்துக்கொண்டே போனால் குரலின் சுருதியே வலிமைக்குள் கசிந்து, வோகோடரிலும் ரிங் மாடுலேட்டரின் கரகரப்பு எட்டிப்பார்க்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் அதிர்வெண் பண்பேற்றத்தைக் கண்டுகொண்டதும் இதே வாசலில்தான்: சுருதியின் நடுக்கத்தை வேகப்படுத்தியபோது நடுக்கம் மறைந்து புதிய நாதம் பிறந்தது, 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 அந்த வழியில் உருவான கருவி.

இவ்வேறுபாடு பாடுபவரை நேரடியாகத் தொடுகிறது. வோகோடரில் சுருதி முழுவதும் கீபோர்டின் பொறுப்பு. ஒரே குரலால் நான்கு சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டையும் (chord) பேசவைக்கலாம். ஆனால் பாடகர் கொடுக்கும் கமகம் அத்தனையும் வீண், வேண்டுமென்றால் பிட்ச் சக்கரத்தைக் கையால் அசைக்க வேண்டும். ரிங் மாடுலேட்டரில் கமகம் உள்ளே போகும். ஆனால் திரிந்து வெளியே வரும். மறு அலை 1000 ஹெர்ட்ஸாக இருக்கும்போது குரல் 200இலிருந்து 220க்கு ஏறினால், கூட்டல் 1200இலிருந்து 1220க்கு ஏறும், கழித்தல் 800இலிருந்து 780க்கு இறங்கும். ராகம் பாட இது உதவாது. விசித்திர ஒலி தேடுபவருக்கு இதைவிட மலிவான புதையல் இல்லை.

குரலோடு சேரும் மறு ஒலியான துணை அலையின் தேர்வும் நேர்மாறானது. வோகோடருக்கு ரம்பப்பல் அலையைப் போல மேற்சுரங்கள் நிறைந்த ஒலி வேண்டும். மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலையைக் கொடுத்தால் பெரும்பாலான பட்டைகளில் செதுக்குவதற்கே எதுவும் இருக்காது. ரிங் மாடுலேட்டருக்கோ சைன் அலையே ஏற்றது. ரம்பப்பல் அலையைக் கொடுத்தால் ஒவ்வொரு மேற்சுரமும் மற்ற ஒவ்வொன்றோடும் கூடிக் கழிந்து சேறாகிவிடும்.

பட்டைகளின் எண்ணிக்கை வோகோடருக்கு மட்டுமே உரிய கவலை. 2002இல் வெளிவந்த மைக்ரோகார்க் சிந்தசைசரின் வோகோடரில் எட்டுப் பட்டைகள், 1976இன் இ.எம்.எஸ். 5000 வோகோடரில் 22. தமிழில் பாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ழகரத்தை லகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் வலிமை வேறுபாடு ஒரு குறுகிய இடைவெளிக்குள் நிகழ்வதால், பட்டைகள் அகலமாக இருக்கும் கருவியில் அது எளிதில் மங்கும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளுக்குச் சிந்தசைசரில் இரைச்சலைக் கலப்பது அல்லது மைக்கின் உயர் அதிர்வெண்களைச் சிறிது நேரடியாக விடுவது என்ற ஏற்பாடு இல்லையெனில், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

டாக் பாக்ஸ், ஆட்டோடியூன் இரண்டும் இந்தப் போட்டியில் சேராதவை. முன்னதில் ஒலி குழாய் வழியே உண்மையான வாய்க்குள் சென்று உருப்பெறுகிறது. 1997இல் வந்த பின்னது பாடியவரின் சுருதியைத் திருத்துகிறது.

சொல் புரிய வேண்டும், கார்டு ஒலிக்க வேண்டும் என்றால் நான் தயங்காமல் வோகோடரையே சொல்வேன். பேச்சுக்கு அச்சமூட்டும் சாயல் போதுமென்றால் ரிங் மாடுலேட்டர் போதும். இரண்டும் கையில் இருந்தால் சிந்தசைசரில் அலை உண்டாக்கும் இரண்டு ஆஸிலேட்டர்களை ரிங் மாடுலேட்டரில் பெருக்கி, அந்த மணியோசையை வோகோடருக்குத் துணை அலையாகக் கொடுத்துப் பாருங்கள்: சுருதி நிலையற்றதாக இருந்தாலும் சொல் தெளிவாக நிற்கும். குரலை முதலில் ரிங் மாடுலேட்டரில் இட்டுப் பிறகு வோகோடருக்கு அனுப்பும் தலைகீழ் வரிசையில், மறு அலையின் அதிர்வெண் சற்று உயர்ந்தாலே வோகோடர் அளக்க வேண்டிய வலிமை மேடுகள் முன்பே சிதைந்துபோயிருக்கும்.