சேப்பாக்கம் கணக்கில் ஏறிய பெரியமேட்டு ரன்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் - பெரியமேடு பாரம்பரிய நடை ஒன்றுக்குப் போய் வந்தேன். ஆளுக்கு 400 ரூபாய். காலை ஆறரைக்கு ரிப்பன் மாளிகை வாசலில் கூடச் சொல்லியிருந்தார்கள். பதினான்கு பேர் வந்திருந்தோம். ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட் இருந்த இடம், அல்லிக்குளம், அப்புறம் நேரு ஸ்டேடியம் என்று வழி. நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், அறிவிப்பில் 'பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம்' என்று அதன் பழைய பெயரும் ஒரு வரியாக இருந்தது. அதற்காகத்தான் பணம் கட்டினேன்.

நான் இருபத்தாறு வருஷமாக உள்ளூர் டிவிஷன் கிரிக்கெட் மேட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். இன்னிங்ஸ் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது ஒரு ரன் உதைத்தால், அது யார் பெயரில் ஏறியது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். நம் ஊரிலேயே ஒரு பெரிய கணக்கு அப்படித் தப்பாக ஏறியிருக்கிறது. 1956 ஜனவரியிலிருந்து 1965 மார்ச் வரை சென்னையில் நடந்த ஒன்பது டெஸ்ட்களில் ஒன்றுகூட சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. எல்லாம் பெரியமேட்டில், இந்தக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான். ஆனால் யாரிடம் கேட்டாலும் "மெட்ராஸ் டெஸ்ட் என்றால் சேப்பாக்கம்தானே" என்பார்கள்.

நடையின் முதல் பாதி நன்றாகவே இருந்தது. கூட்டிப் போன தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குரல் கணீரென்று இருக்கிறது, சாலையைக் கடக்கும்போது வயதானவர்களை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் தான் இறங்குகிறார். 1985 தீ விபத்தில் மூர் மார்க்கெட் எரிந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளத்துக்கு இடம் மாறியதை அங்கேயே ஒரு கடை முன்னால் நிறுத்திக் காட்டினார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஸ்டேடியத்துக்கு வந்தபோது மணி எட்டே கால். பத்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார். உள்ளே போகவில்லை, கம்பி வேலி வழியாகத்தான் பார்த்தோம். இப்போது இருப்பது 1993ல் எழுந்த கட்டடம். நடுவே கால்பந்துத் திடல், சுற்றி ஓடுபாதை. பழைய கிரிக்கெட் மைதானம் அதற்குள் முழுசாகப் போய்விட்டது.

தம்பி ஒரு லேமினேட் செய்த தாளைச் சுற்றுக்கு விட்டார். மன்கட் - பங்கஜ் ராய் ஜோடி, முதல் விக்கெட்டுக்கு 413 ரன், 1956, நியூசிலாந்துக்கு எதிராக. எண் எல்லாம் சரி. மேலே இருந்த படம் சேப்பாக்கத்தின் பழைய பெவிலியன். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ரன்கள் எடுக்கப்பட்ட மண் முன்னால் நிற்கிறோம், கையில் வேறு மைதானத்தின் படம். மெதுவாக அவரிடம் போய்ச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "சார், நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்" என்று ஒதுங்கி நின்றார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு என் மதிப்பெண் கூடுகிறது.

சொன்னேன். அந்த 413 உலக சாதனையாக 52 வருஷம் நின்றது. 2008ல் சிட்டகாங்கில் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்துத் தாண்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் லாகூரில் சேவாக்கும் டிராவிடும் 410 வரை வந்து நின்றுவிட்டார்கள், அதனால் இந்தியாவின் முதல் விக்கெட் சாதனை இன்னமும் பெரியமேட்டுடையதுதான். அந்த இன்னிங்ஸில் மன்கட் எடுத்த 231, இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக 1983 வரை இருந்தது. முறியடித்தவர் கவாஸ்கர், 236 நாட் அவுட், இடம் சேப்பாக்கம். 1964ல் இங்கே குந்தரன் எடுத்த 192, இந்திய விக்கெட் கீப்பரின் அதிகபட்சம். 2013ல் தோனி 224 எடுத்துத் தாண்டியதும் சேப்பாக்கத்தில்தான். பெரியமேட்டின் இரண்டு பெரிய சாதனைகளையும் மூன்றே சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேப்பாக்கமே வாங்கிக்கொண்டது. ஜனங்கள் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

கூட்டத்தில் ஒரு பெண், "இங்கே நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டார். இரண்டு முறை. 1956ல் அந்த நியூசிலாந்து மேட்ச், இன்னிங்ஸ் வெற்றி. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ரன்னில் வென்றோம். பட்டோடி 103, சலீம் துரானிக்குப் பத்து விக்கெட். இங்கிலாந்திடம் இந்தியா முதன்முதலாகத் தொடர் வென்றது அந்த மேட்சோடுதான். ஆஸ்திரேலியாவிடம் மூன்று தடவை தோற்றதையும் மறைக்காமல் சொன்னேன்.

இந்தியப் பந்துவீச்சாளர் நட்கர்னியைச் சொல்லாமல் வர முடியவில்லை. 1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. என் அப்பா அன்று இங்கே இருந்தார். ஸ்கோர் புத்தகத்தில் மெய்டன் ஓவரை, அதாவது ஒரு ரன்கூடக் கொடுக்காத ஓவரை, எப்படிக் குறிப்போம் என்று என் நோட்டில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். ஆறு புள்ளி, மேலே மூன்று, கீழே மூன்று. அவற்றைக் கோட்டால் இணைத்தால் ஒரு 'எம்' எழுத்து வரும். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏழாவது 'எம்' போடும்போது ஒரு சின்னப் பையன் "இன்னும் எத்தனை அங்கிள்?" என்றான். இருபத்தொன்று. நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் போட்டார், 131 பந்தில் ஒரு ரன்கூட இல்லை. அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. அப்பா சொல்வார்: "விக்கெட் விழலை, ரன்னும் வரலை. ஆனா எழுந்து டீ குடிக்கப் போகக்கூட மனசு வரலைடா." பையன் நோட்டை வாங்கி மீதி பதினான்கையும் அவனே போட்டான். கடைசி நாலைந்து கோணலாக, கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். ஐந்துக்கு நான்கு. வழி நல்ல வழி, நடக்கச் சிரமமில்லை, நடுவில் ஒரு இடத்தில் உட்கார வைக்கிறார்கள், கழிப்பறை வசதி கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். முடிவில் கொடுத்த காபி ஆறியிருந்தது, அது பரவாயில்லை. ஒரு மதிப்பெண் குறைத்தது அந்தப் படத்துக்காகவும் பத்து நிமிஷத்துக்காகவும். மூர் மார்க்கெட்டில் கொஞ்சம் குறைத்து ஸ்டேடியத்துக்கு அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். 1967 ஜனவரியில் டெஸ்ட் மறுபடி சேப்பாக்கத்துக்குப் போனது என்பதையாவது சொல்லி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர்களுக்குக் கதை பாதியில் நிற்கிறது. வெயிலுக்குத் தொப்பி எடுத்துப் போங்கள், ஸ்டேடியம் பக்கம் நிழல் குறைவு.

புதன்கிழமை தம்பி வாட்ஸ்அப்பில் புதுத் தாளை அனுப்பினார். பெவிலியன் படத்தை எடுத்துவிட்டு, இங்கே நடந்த டெஸ்ட்களைத் தேதியோடு பட்டியல் போட்டிருக்கிறார். 1959 வெஸ்ட் இண்டீஸ் மேட்சை மட்டும் விட்டிருந்தார், சொன்னேன், சேர்த்துவிட்டார். அடுத்த நடைக்கு என் மகளையும் சேர்த்து இரண்டு பேருக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அவள் டேப்லட்டில் ஸ்கோர் போடுகிறவள். புள்ளிகளை இணைத்து 'எம்' போட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.