“பார்ட்டிஷன் சுவர்தான் சார்” என்றார்கள்

ஓபன் கிச்சன் ஆசையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வீட்டு ஹால் நடுவே இப்போது நாலு இரும்பு ஜாக்கிகள் நிற்கின்றன. கூரைக்கு முட்டு.

வீடு திருச்சியில், அப்பா 1989இல் கட்டியது. கீழ்த்தளமும் மாடியில் ஒரே ஓர் அறையும். அந்தக் காலத்துச் சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை: பத்துக்கு எட்டு, கடப்பா கல் அலமாரி, கிழக்குப் பார்த்த மேடை, தலைக்கு மேல் பரண், ஒற்றை ஜன்னல். உறவுக்காரர்கள் வந்தால் அம்மா அதற்குள் போனவர் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வெளியே வருவார். “ஹால்ல எல்லாரும் சிரிக்கிறது காதுல விழும், எதுக்குச் சிரிக்கிறீங்கன்னுதான் தெரியாது” என்று ஒருமுறை சொன்னார். சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்த்துவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

இன்டீரியர் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது. வந்தவர் லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் காட்டினார். நடுவில் மேடை, அதைச் சுற்றி உயரமான நாற்காலிகள், மேலே தொங்கும் விளக்குகள். அம்மா முகத்தைப் பார்த்ததும் நான் கவிழ்ந்துவிட்டேன். 4,80,000 ரூபாய், 45 நாள். பாதி முன்பணம், பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், வேலை முடிந்ததும் மீதி 10. இது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் என்றார். வழக்கம்தான், ஆனால் யாருக்கு வசதியான வழக்கம் என்று நான் யோசிக்கவில்லை. பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே 90 சதவீதம், அதாவது 4,32,000 ரூபாய் கைமாறிவிட்டது. அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதே அபூர்வம்.

முதலில் சுவர். “இது பார்ட்டிஷன் சுவர்தான் சார், ரெண்டு நாள்ல எடுத்துடலாம்” என்றார். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடிக்க வந்த மேஸ்திரிதான் ஒரு வரிசை செங்கல்லை எடுத்ததும் நிறுத்தினார். “ஒன்பது இஞ்ச் சுவரா இருக்கே, இன்ஜினியர் பார்த்தாரா?” நான் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். பார்த்தாச்சு, தொடரச் சொல்லுங்கள் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு மேஸ்திரி பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருக்காது.

மூன்றாம் மாதம் மாடி அறைக் கதவு சாத்த வரவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். பத்து நாளில் மறுபடி இடித்தது. அப்புறம் அந்த அறைச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல். ஓரமாக என் ஏடிஎம் கார்டைச் செருகினால் உள்ளே போனது. அதோடு பயம் வந்துவிட்டது.

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துவந்தோம். ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தவர், “பீம் எங்கே?” என்று மட்டும் கேட்டார். பீம் கிடையாது, தூணும் கிடையாது. அந்தக் காலத்துத் தனி வீடுகள் பலவற்றில் கூரையைத் தாங்குவதே சுவர்தான். பொதுவாக நாலரை இஞ்ச் சுவர் என்றால் தடுப்பு, ஒன்பது இஞ்ச் என்றால் தாங்கு சுவராக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும் என்றார். எங்கள் சுவருக்கு நேர் மேலே மாடி அறைச் சுவரும் நிற்கிறது. பத்தடிக்கு ஒரு தாங்கல் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கான்கிரீட்டை இருபதடிக்கு அந்தரத்தில் தொங்க விட்டிருக்கிறோம். அன்று மாலையே ஜாக்கி வந்தது. இனி இரும்பு பீம் வைத்து இரண்டு பக்கமும் தூண் கொடுக்க வேண்டும், 1,40,000 ஆகும்.

இரண்டாவது பிளைவுட். இதில் என் தப்பும் உண்டு. கொட்டேஷனில் “வாட்டர்ப்ரூஃப் பிளை” என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு “710 தான் சார்” என்று வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பினார். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியக் கூடாது. ஆனால் எங்களுக்கு வந்ததோ பட்டறையிலேயே அறுத்து, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டி, விளிம்பும் அடைத்த பெட்டிகள். ஐஎஸ்ஐ முத்திரையை எங்கே தேடுவது?

சிங்க் குழாய் லேசாகக் கசிந்து ஒரு மாதத்தில் கீழ்ப்பலகை அப்பளம் போல உப்பியது. ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து, அம்மாவின் பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். 72 மணி நேரம் எதற்கு? மதியத்துக்குள் பரோட்டா மாதிரி இதழ் இதழாக வந்துவிட்டது. நீங்கள் செய்தால், முழு ஷீட்டாக வீட்டுக்கே வரவழைத்து, முத்திரையையும் உரிம எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் அறுக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்கு வழங்கியது என்று தெரியும்.

சிம்னி கதை சின்னது. நடு மேடையில் அடுப்பை வைத்தவர்கள், புகைக்குழாய் போக வழி வைக்கவில்லை. கரி வடிகட்டி போட்டால் போதும் என்றார்கள். காய்ந்த மிளகாய் தாளித்தால் டிவி பார்ப்பவர்கள் எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். அம்மாவோடு உட்கார்ந்து பேசத்தான் சுவரை எடுத்தோம்!

கேட்பவர்களுக்காக: முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். நிறுவனம் பதில் தரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் மனு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். “710 தான் சார்” குரல் பதிவும், வெந்த பிளைவுட் துண்டும், பொறியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையும் என் கையில் இருக்கின்றன. மேஸ்திரியும் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அடுத்த வாய்தா வரும் மாதம். பீம் வேலை அதற்குள் தொடங்கிவிடும். அதுவரை அம்மா பின்கட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைக்கிறார். பழக்க தோஷம், ஹாலில் மேடையை ஒட்டி நிற்கும் ஜாக்கியின் திருகில் கரித்துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்.