மண்டேலாவும் முகாபேயும்

இருவரும் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்கள். மண்டேலா 27 ஆண்டுகள், முகாபே சுமார் 10 ஆண்டுகள். 1980-இல் ஜிம்பாப்வேயின் பிரதமரானபோது முகாபே பேசியதும் சமரசம்தான், உலகமே மெச்சியது. அதனால் ஒருவர் மகான், மற்றவர் பிறவியிலேயே கொடியவர் என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1987-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பிரதமர் பதவியை ஒழித்து, நிர்வாக அதிகாரம் முழுவதும் கொண்ட அதிபரானார் முகாபே. அதற்கு முன்பே, நாட்டின் மேற்கிலுள்ள மாடபெலேலாந்தில் அவருடைய படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோதும் தட்டிக்கேட்க ஆளில்லை. 2008 தேர்தலின் முதல் சுற்றில் பின்தங்கியதும் எதிர்க்கட்சியினர்மீது வன்முறை ஏவப்பட்டது. கடைசியில் 2017-இல் ராணுவம் தலையிட்டுத்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது.

மண்டேலாவிடம் எனக்குப் பிடித்தது 1995-இல் நடந்த ஒன்று. உள்ளாட்சித் தேர்தல் தொடர்பாக, தென்னாப்பிரிக்க அதிபராக அவர் பிறப்பித்த பிரகடனங்கள் செல்லாது என்றது அரசியல் சாசன நீதிமன்றம். (அந்த நீதிபதிகளை நியமித்ததே அவர்தான்!) தீர்ப்பை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இன்னொரு முறை நிற்கச் சட்டம் இடம் கொடுத்தும் 1999-இல் விலகினார். எய்ட்ஸ் விஷயத்தில் மட்டும் அவர் ஆட்சி மெத்தனமாக இருந்தது. போதுமான அளவு செய்யவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.