டிடிஆர், கிழக்கு ஜெர்மனி ஆன கதை

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் பட்டறைக்கு வந்த பிரெஞ்சு சுவிட்ச்போர்டு வரைபடத்தை, ஜெர்மன் பொறியாளர் ஒருவருக்காக ஜெர்மனில் மொழிபெயர்க்க ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. வாக்கியங்களில் குறையில்லை; எழுத்துச் சுருக்கங்களில்தான் கோட்டை விட்டார்கள். 'டிஜிபிடி', அதாவது தாழ்வழுத்த மெயின் போர்டு, 'என்எஸ்எச்வி' என்று சரியாகவே மாறியிருந்தது. ஆனால் 'டிடிஆர்'? கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் நம்ம ஊர் ஆர்சிசிபிதான் அது. ஜெர்மனில் 'எஃப்ஐ' என்று வர வேண்டும். இவர்களோ, ஜெர்மனில் அதே 'டிடிஆர்' என்ற சுருக்கம் கொண்ட, 1990இல் மறைந்த கிழக்கு ஜெர்மனியின் முழுப்பெயரை விரித்து எழுதியிருந்தார்கள்! பொறியாளர் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. சொன்னதும் காசு கேட்காமல் திருத்தினார்கள், சரி. அப்போதும் ஒரு மூலையில் தாழ்வழுத்தத்தைக் குறிக்கும் பிரெஞ்சு 'பிடி', ஜெர்மன் 'என்எஸ்' ஆகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த முறை சுருக்கப் பட்டியலை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.